வினாவும் விடையும்: சேர்வராயன் மலையும் உள்ளூர் வானொலியும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் வானொலியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறக்கூடும். வானொலி பேச்சால் ஆனது. அப்பேச்சிலும் உயிரான பகுதி நேர்காணல். அதாவது வினாவும் விடையும். இவ்விரண்டைப் பற்றித் தமிழிலக்கணம் தொன்றுதொட்டே நுட்பமாக எண்ணி வந்துள்ளது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே, செப்பும் வினாவும் வழுவின்றிக் காக்கப்பட வேண்டியவை என்கிறார். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துரைக்கிறார். எனவே இப்பொருள் இலக்கியத்திற்குப் புறம்பானதன்று. ஏற்காடும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலையும் தம் குரலைத் தாமே கேட்க வேண்டுமெனில் எத்தகைய வினாக்கள் அங்கே ஒலிக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆறு வினா, எட்டு விடை

பள்ளியில் படித்த இலக்கணத்தைச் சற்றே நினைவுகூர்தல் நலம். ஆசிரியர் தமக்குத் தெரிந்ததையே மாணாக்கனிடம் கேட்பது அறிவினா. மாணாக்கன் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. கயிறோ பாம்போ என மயங்கிக் கேட்பது ஐயவினா. கடையில் பருப்பு உளதா என்று ஒன்றைப் பெறுதற்குக் கேட்பது கொளல்வினா. உனக்கு உடை இல்லையா என்று ஒன்றைத் தருதற்குக் கேட்பது கொடைவினா. கடைக்குப் போகிறாயா என்று ஒரு செயலைச் செய்யத் தூண்டுவது ஏவல்வினா.

விடையின் வகைகள் இன்னும் சுவையானவை. இதுவே வழி என்று காட்டுவது சுட்டு. மாட்டேன் என மறுப்பது மறை. செய்வேன் என உடன்படுவது நேர். இம்மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாகின்றவை. நீயே செய் என்பது ஏவல். செய்யாதிருப்பேனோ என்று எதிர்க் கேள்வி எழுப்புவது வினாதல். செய்வாயா என்றதற்குக் கால் வலித்தது என்பது உற்றதுரைத்தல். கால் வலிக்கும் என்பது உறுவது கூறல். ஆடுவாயா என்று கேட்டால் பாடுவேன் என்பது இனமொழி.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வகைப்பாடு, இன்றைய நேர்காணல் எதனையும் எடைபோடும் தராசாக விளங்குகிறது. ஊருக்குப் பேருந்து வருமா என்று கேட்டால், பள்ளிக் கட்டடத்திற்கு வெள்ளையடித்ததைக் கூறும் விடை இனமொழி. நிதி கிடைத்தால் பார்க்கலாம் என்பது உறுவது கூறல். மனு எழுதிக் கொடுங்கள் என்பது ஏவல். இவற்றைப் பொய்யெனத் தள்ளுதற்கில்லை. ஆயினும் கேட்டவர்க்கு வேண்டியது சுட்டோ மறையோ நேரோ ஆகிய ஒன்றேயாகும். வினாவுக்கு நேர்விடை வந்ததா, இனமொழி வந்ததா என்பதை ஊரே ஒருங்கிருந்து கேட்கச் செய்வதில்தான் உள்ளூர் வானொலியின் ஆற்றல் அடங்கியுள்ளது.

வானொலி கேட்கக் கற்ற வரலாறு

தமிழகத்தில் வானொலி ஆர்வலர்களின் முயற்சியாகவே தோன்றியது. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்மையால் சில ஆண்டுகளில் அது நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் எழுந்தன. முதலில் ஆர்வலர் கழகம், அடுத்து நகராட்சி மன்றம், அதன்பின் நடுவண் அரசு என்னும் இவ்வரிசை எண்ணத்தக்கது. உள்ளூரில் பிறந்த கருவி படிப்படியாகத் தொலைவிலுள்ள தலைநகரின் கைக்குச் சென்றது.

அரசு வானொலி செய்த நன்மையை மறத்தல் நன்றன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சைத் தரணியில் பரவியபோது, உழவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். திருச்சி வானொலி வழியாக அந்நெல்லைப் பற்றி அறிந்ததால் வந்த பெயர் அது. ஆயினும் அத்தகைய நிகழ்ச்சிகளில் வினாவின் தன்மை எவ்வாறிருந்தது? வேளாண் அலுவலர் அறிந்த விடைக்கேற்ப நிகழ்ச்சியாளர் வினாவை அமைப்பார். எத்தனை கிலோ உரம் இட வேண்டும் என்பது வினா. விடை முன்னரே தாளில் இருக்கும். இஃது அறிவினா. இதனால் பயன் உண்டு. ஆனால் உழவர் மனத்திலிருந்து எழுந்த வினாவுக்கு அங்கே இடம் குறைவு.

இக்குறையை 1956இல் புனேயில் நடந்த ஒரு சோதனை ஓரளவு நீக்கிக் காட்டியது. யுனெஸ்கோவின் துணையோடு, அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் சிலர் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர்; கேட்டபின் தமக்குள் விவாதிப்பர்; எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்புவர்; அடுத்த நிகழ்ச்சிகளில் அவற்றிற்கு விடை வரும். அறியாவினாவும் ஐயவினாவும் ஊரிலிருந்து நிலையத்தை நோக்கிப் பயணம் செய்யத் தொடங்கியது அப்போதுதான். பின்னர் இத்திட்டம் நாடு முழுவதும் விரிந்தது. விரிந்த அளவுக்கு ஆழம் பெறவில்லை.

மலையில் பிணைந்து கிடக்கும் மூன்று

இனிச் சேர்வராயன் மலைக்கு வருவோர், சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவர். ஏரியும் காடும் சேர்ந்து ஊர்ப்பெயராயிற்று என்பர். வருவோர் கண்ணில் முதலில் படுவன ஏரியும் படகும் விடுதிகளும். அவற்றிற்கு அப்பால், சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடிகளும், மரங்களைத் தழுவிய மிளகுக் கொடிகளும், அவற்றிடையே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களும் உள்ளன. கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்கும் இம்மக்களின் மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வழியில் தம் முன்னோர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது அவர்களிடை வழங்கும் கதை.

சமூகம், பணம், அரசியல் என வானொலி நிகழ்ச்சிகளைத் தனித்தனியே பெயரிட்டுப் பிரிப்பது நகரத்து வழக்கம். இம்மலையில் அவை மூன்றும் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன.

சமூகம் என்னும் இழையை முதலில் காண்போம். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் பெயர், சேலம், தருமபுரி, வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளது. அதில் கோயம்புத்தூர் மாவட்டம் இடம்பெறாமையால், பின்னர் ஈரோடு மாவட்டமாகப் பிரிந்த பகுதியைச் சேர்ந்த பர்கூர் மலையின் மலையாளிகள், அதே சான்றை வேண்டிப் பல்லாண்டுகள் முறையிட்டு வந்துள்ளனர். குலமும் வழக்கும் ஒன்றாயினும், மாவட்ட எல்லை மாறினால் உரிமை மாறுகிறது. ஒரு சாதிச் சான்றிதழுக்கும் கல்லூரி இடத்திற்கும் வங்கிக் கடனுக்கும் தேர்தல் தொகுதிக்கும் உள்ள தொடர்பை இது நன்கு விளக்கும்.

அடுத்தது பணம். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பெருந்தோட்டங்களில் தொடங்கிய அப்பயிர் காலப்போக்கில் சிறு உழவர் நிலங்களிலும் இடம்பெற்றது. நெடுங்காலம் இந்தியக் காப்பி முழுவதும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்ந்தே விற்கப்பட வேண்டும் என்னும் விதி இருந்தது. பணம் தவணை தவணையாக வரும், தாமதமாகும், ஆனால் விலையைப் பற்றிய கவலை வாரியத்துடையது. 1992 முதல் இவ்விதி படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முற்றிலும் நீங்கியது. அன்றுமுதல் விலை என்னும் வினா உழவரின் வாயிற்படிக்கு வந்துவிட்டது.

அவ்வினா எளியதன்று. அராபிக்கா காப்பியின் உலக விலை நியூயார்க்கு நகரச் சந்தையில், தூய்மை செய்த கொட்டைக்கு, ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை சென்ட் எனக் கூறப்படுகிறது. மலைச்சிற்றூரில் உழவர் விற்பதோ பழமாகவோ, உலர்ந்த செர்ரியாகவோ, தோலுரித்துக் கழுவி உலர்த்திய பார்ச்மென்டாகவோ இருக்கும். ஏறத்தாழ ஐந்து ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ தூய கொட்டை கிடைக்கும். ஈரப்பதம் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்பவற்றை வாங்குபவர் மதிப்பிடுகிறார். இக்கணக்கு விளங்காதவர்க்கு நியூயார்க்கு விலையால் என்ன பயன்? 2001இல் உலக விலை முப்பதாண்டுகளில் காணாத தாழ்வை எய்தியது. 2025 பிப்ரவரியில் பவுண்டு ஒன்றுக்கு நான்கு டாலரையும் தாண்டி முன்னெப்போதும் இல்லாத உயரத்தைத் தொட்டது. தாழ்வு உடனே மலையேறி வந்துவிடும். உயர்வு வளைவுகளில் தயங்கித் தயங்கி வரும். பிரேசிலில் பனி விழுந்தால் சேர்வராயன் மலையில் ஏன் விலை ஏறுகிறது, ஏறிய விலையில் எவ்வளவு தம் கைக்கு வருகிறது என்னும் அறியாவினாக்களுக்கு இடமளிக்காத வானொலி, அம்மலைக்கு உரிய வானொலியாகாது. காப்பி உள்ளதா என்னும் வணிகரின் கொளல்வினா ஒன்றே அங்கே ஒலிப்பதாயின், அதற்குச் சொல்லும் விடையிலேயே உழவர் தோற்றுவிடுவார்.

மூன்றாவது இழை அரசியல். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் அதன் எல்லை மலையடிவாரத்துச் சமவெளி ஊர்களையும் தழுவியது. ஆகவே மலையின் குரல் தொகுதியின் குரலில் ஒரு பங்கே. 2013 டிசம்பர் 4ஆம் நாள் இத்தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில்தான், வேட்பாளர் எவரையும் விரும்பவில்லை எனப் பதிவு செய்யும் பொத்தான் தமிழகத்தில் முதன்முறையாக வாக்குப்பதிவுப் பொறியில் இடம்பெற்றது. வினாவுக்கு மறை விடை கூறும் உரிமை மலைமக்களுக்கு அன்று எழுத்தில் கிடைத்தது எனலாம். தேர்தல் நாள்களில் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டு வருவோர் பலர், அது கொடைவினா. கொடுத்தபின் அவ்வினா முடிந்துவிடும். கொடாதவழி அதை மீண்டும் எழுப்புதற்கு இடம் எது? கிராமசபை ஓரிடம். வானொலி மற்றோர் இடம் ஆகலாம்.

சட்டம் வரைந்த கோடு

1995 பிப்ரவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த அரசு இசைந்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அத்தகைய முதல் நிலையம் தோன்றியது தமிழகத்திற்குப் பெருமை. 2006இல் மக்கள் அமைப்புகளுக்கும் அவ்வுரிமை விரிந்தது. 2008இல் ஆந்திரத்தில், இன்று தெலங்கானாவைச் சேர்ந்த மாச்சனூரில், ஊர்ப்புறத்துத் தலித் பெண்கள் தாமே நடத்தும் சங்கம் வானொலி எழுந்தது. 2016இல் பாம்பனில் மீனவர்க்கெனக் கடல் ஓசை வானொலி பிறந்தது. ஈழத்து மலையகத்தை ஒட்டிய கொத்மலையில், 1990களின் இறுதியிலேயே ஒரு புதுமை நிகழ்ந்தது. நேயர்கள் வினாக்களை அனுப்புவர். நிலையத்தார் அவற்றிற்கு இணையத்தில் விடை தேடி, உள்ளூர் மொழியில் வானொலியில் விளக்குவர். இணையம் இல்லாத வீட்டுக்கும் வினாவின் வழியே உலகறிவு சென்றது.

சமுதாய வானொலிக்கு அரசு விதித்த நெறிகளில் சில மிக நல்லவை. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரார் பங்களிப்போடு உருவாக வேண்டும். இயன்றவரை உள்ளூர் மொழியும் வட்டார வழக்கும் இடம்பெற வேண்டும் என்கிறது அந்நெறி. மலையாளி மக்களின் பேச்சுத்தமிழ் மேடைத்தமிழுக்கு முன் நாணி ஒதுங்க வேண்டியதில்லை என்பதற்கு அரசாணையே சான்றாகிறது. ஆனால் அதே நெறி, செய்தியும் நடப்பு நிகழ்வும் அரசியல் சார்ந்தவையும் ஒலிபரப்பாகா என்றும் தடை விதித்தது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்தாள்வதற்கே இசைவுண்டு.

இக்கோடு எங்கே விழுகிறது என்பதை உற்று நோக்க வேண்டும். ஊராட்சி வழங்கும் திட்டங்களை வானொலியில் அறிவிக்கலாம். அத்திட்டம் தம் ஊருக்கு வரவில்லை என ஒரு பெண் உற்றதுரைக்கலாம். ஏன் வரவில்லை, யார் பொறுப்பு, என்று வரும் என்று அடுத்து கேட்டவுடன் அஃது அரசியலாகிவிடுமோ என்னும் அச்சம் நிலையத்தாரைப் பற்றிக்கொள்கிறது. முதல் வினாவைச் சட்டம் தடுக்கவில்லை. இரண்டாம் வினாவைத்தான் அச்சம் தடுக்கிறது.

இரண்டாம் வினா

நேர்காணலின் உயிர் இரண்டாம் வினாவில் இருக்கிறது. முதல் வினாவுக்கு இனமொழியாக விடை வந்தால், பாடுவது இருக்கட்டும், ஆடுவாயா என்று பணிவோடு மீண்டும் கேட்பதே நேர்காண்பவரின் கடமை. அதற்குச் சினமோ உரத்த குரலோ வேண்டியதில்லை. கேட்டதையே மீண்டும் கேட்கும் பொறுமை போதும்.

தடைக்கு ஆதரவாகக் கூறப்படுவதிலும் உண்மை உண்டு. ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஒரு தனியார் வானொலி, 1994இல் ஓர் இனத்தாரைக் கொல்லுமாறு மக்களைத் தூண்டியது. சிற்றூரில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு கடுஞ்சொல் நாளிதழில் வருவதைவிட ஆழமாகத் தைக்கும். ஆயின் ருவாண்டாவில் ஒலித்தது வினாவன்று. மறுமொழிக்கு இடமில்லாத ஏவல். பேச்சை அடைப்பது அதற்கு மருந்தாகாது. மறுமொழி கூறும் உரிமையை உறுதிசெய்வதே மருந்து.

ஆகவே மலைப்பகுதி நேர்காணலுக்குச் சில ஒழுங்குகள் இன்றியமையாதவை. குற்றஞ்சாட்டப்படுவோர் எவராயினும் அதே நிகழ்ச்சியில், அதே கால அளவில், மறுமொழி கூற அழைக்கப்பட வேண்டும். பணத்தைப் பற்றிப் பேசுங்கால் ஒருவருடைய கடனையோ வருவாயையோ பெயரோடு வெளியிடலாகாது. பேசத்தக்கது சந்தையின் கணக்கு, தனி வீட்டின் கணக்கன்று. கட்சியைப் பற்றி வினவாமல் கடமையைப் பற்றி வினவினால் சட்டத்தின் கோட்டைத் தாண்டாமலே பெரும்பகுதி கேட்டுவிடலாம். இச்சாலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, வேலை எதுவரை முடிந்தது, எஞ்சிய பகுதி என்று முடியும் என்பவை கட்சி வினாக்கள் அல்ல. கிராமசபையில் எந்த வாக்காளரும் எழுப்பத்தக்க வினாக்கள். கிராமசபை ஆண்டில் சில நாள்களே கூடும். அங்கே எழுந்த வினாவை அடுத்த கூட்டம் வரை மறவாமல் காக்கும் நினைவாக வானொலி இருக்க முடியும்.

மலைக்கே உரிய இடர் ஒன்றையும் இங்கே கூற வேண்டும். பண்பலை ஒலி பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் அகில இந்திய வானொலிப் பண்பலை சமவெளி மாவட்டங்கள் பலவற்றில் தெளிவாகக் கேட்கிறது. உயரம் அதற்குத் துணை. ஆனால் சமுதாய வானொலிக்கு இசைந்த கருவியின் ஆற்றல் வெறும் 50 வாட். சேர்வராயன் மலையின் முகட்டில் அதை நிறுவினால், எதிரே தெரியும் சமவெளி ஊருக்குக் கேட்பது, இடையே ஒரு குன்று நிற்பதால் மலையின் மறுபக்கச் சரிவிலுள்ள சிற்றூருக்குக் கேளாமல் போகலாம். குரல் யாருக்காக எழுகிறதோ அவரே அதன் நிழலில் நிற்க நேரிடும். ஆதலின் மலையில் வானொலி என்பது கோபுரத்தோடு முடிவதன்று. பதிவுக் கருவியோடு ஊர் ஊராகச் சென்று வினாக்களைத் திரட்டுவதும், ஒலிப்பதிவை ஊர்க்கூட்டத்தில் போட்டுக் கேட்பதும் அதன் பகுதிகளே. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையூர்கள் பலவும் ஒன்று கூடுகின்றன. ஆண்டு முழுவதும் கேட்க வேண்டிய வினாக்களைத் தொகுக்க அதனினும் சிறந்த அவை வேறில்லை.

நிறைவாக

இப்பணியில் இலக்கிய வட்டங்களுக்கு என்ன பங்கு? வினாவைச் செம்மையாக அமைக்கும் பயிற்சி மொழிப் பயிற்சியேயாகும். ஓர் இளம்பெண்ணுக்கு ஒலிவாங்கியைக் கையில் தருவது எளிது. ஆம், இல்லை என்று முடிந்துவிடாத வினாவை அமைக்கவும், வந்த விடை சுட்டா மறையா இனமொழியா என்று அக்கணமே அறியவும், அறிந்தபின் பணிவு குன்றாமல் மீண்டும் கேட்கவும் அவளுக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்குரிய பாடம் நன்னூலில் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்ட அந்நூற்பாக்களுக்கு, மலைச்சிற்றூர் ஒன்றின் காப்பிக் களத்தில் உண்மையான பயன் காத்திருக்கிறது.

சேர்வராயன் மலையைப் பற்றிப் பிறர் பேசியது மிகுதி. ஆட்சியர்கள் குறிப்பெழுதினர், ஆய்வாளர்கள் அளந்தனர், சுற்றுலா ஏடுகள் புகழ்ந்தன. அவற்றிலெல்லாம் மலைமக்கள் விடை கூறுபவராகவே காணப்படுகின்றனர். வினா எழுப்பியவர் எங்கிருந்தோ வந்தவர். அம்முறை மாற வேண்டும். மலைமக்கள் வினவ, வணிகரும் அலுவலரும் உறுப்பினரும் விடை கூற, அதனை ஊரே கேட்டு எடைபோடும் நாளில் வானொலி அம்மலைக்கு உரியதாகும். அந்நாளில் விடைகள் அனைத்தும் நேர்விடையாக அமைந்துவிடும் என்பதில்லை. இனமொழி இன்னும் வரும். உறுவது கூறலும் வரும். ஆனால் அது நேர்விடையன்று என்பதைக் கேட்பவர் அனைவரும் அறிந்திருப்பர். மக்களாட்சி நிலைத்து நிற்பதற்கு அவ்வறிவினும் வலிய துணை வேறில்லை.